தொப்புள்கொடியை வெட்ட எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

கேள்வி இதுதான்: "எனக்கு முதல் பிரசவம், 34 வாரம் ஆகிறது. கொடியை உடனே வெட்டாமல் கொஞ்ச நேரம் விட்டால் குழந்தைக்கு நல்லது என்கிறாள் தோழி. அப்படி விட்டால் மஞ்சள்காமாலை வரும், ரத்தம் கெட்டியாகிவிடும் என்று அக்கா பயமுறுத்துகிறாள். நடுவில் கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி ஒரு கம்பெனியிலிருந்து தினமும் போன். யார் சொல்வதைக் கேட்பது?"

மூன்று பேரும் பேசுவது ஒரே ரத்தத்தைப் பற்றித்தான். குழந்தை வெளியே வந்த நொடியில் அதன் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நஞ்சிலும் (குழந்தைக்குப் பின் வெளியே வரும் பிளசென்டா) கொடியிலும் இருக்கும். 3 கிலோ குழந்தை என்றால் அதில் 80 முதல் 100 மில்லி வரை, காத்திருந்தால் குழந்தைக்கு வந்து சேரும். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் ஒரு டம்ளர். உடனே கவ்வி போட்டு வெட்டினால் அது நஞ்சோடு வாளிக்குப் போகிறது, அல்லது கம்பெனிக்காரரின் பைக்குப் போகிறது. காத்திருந்தால் குழந்தைக்குப் போகிறது. அக்கா பயப்படுவதும் இந்த ரத்தம் கூடுதலாகப் போவதைப் பார்த்துத்தான்.

சுருக்கமாக வேண்டுமென்றால்: நிறைமாதத்தில் பிறந்து, பிறந்ததும் அழுகிற குழந்தைக்குக் குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் மூன்று நிமிடம் வரை காத்திருப்பது நல்லது. நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். என் வீட்டுப் பெண்ணுக்கும் இதையேதான் சொல்வேன். ஆனால் எல்லாப் பிரசவத்துக்கும் இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

முதலில் ஒரு டம்ளர் ரத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். 3 கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் கால் லிட்டர்தான். அதில் 80, 100 மில்லி என்பது, பெரியவர் ஒருவருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் என்பதற்குச் சமம். ஒன்றரை லிட்டர் ரத்தத்தை வாளியில் கொட்டினால் நாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்போமா?

அதைவிட முக்கியம் அந்த ரத்தத்தில் இருக்கும் இரும்பு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. பிறந்த குழந்தையின் ரத்தம் நம்முடையதைவிடச் செறிவானது, 100 மில்லியில் 16 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபின் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 50 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். இப்போது தாய்ப்பாலைப் பாருங்கள். தாய்ப்பாலில் பெரும்பாலான சத்துகள் உண்டு, ஆனால் இரும்பு மிகக் குறைவு. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு நாள் முழுக்கக் குடித்தாலும் குழந்தைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 0.3 மில்லிகிராம். ஆக, அந்த ஒரு டம்ளரில் இருப்பது ஐந்தாறு மாதத் தாய்ப்பாலில் வரும் இரும்பு. குழந்தை ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்துத் தாக்குப்பிடிப்பதே பிறக்கும்போது கையில் கொண்டுவரும் கையிருப்பை வைத்துத்தான். அந்தக் கையிருப்பில் ஒரு பெரிய பங்கு பிறந்த பிறகு வரும் அந்த மூன்று நிமிடத்தில் வந்து சேர்கிறது.

ரத்தம் எப்படி உள்ளே வருகிறது? பலர் நினைப்பதுபோல உயரத்திலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோல அல்ல. கருப்பை சுருங்கிச் சுருங்கி நஞ்சை அழுத்துகிறது, அது ஒரு காரணம். இன்னொன்று குழந்தையின் மூச்சு. வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரலுக்கு வேலை இல்லை, அதனால் இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தத்தில் சிறு பங்குதான் அங்கே போகும். முதல் மூச்சில் நுரையீரல் விரிந்ததும் அங்கே ரத்தம் பாய்கிறது. அந்தத் திடீர்த் தேவையை நிரப்பக் கொடி வழியாக வரும் ரத்தம் கைகொடுக்கிறது. மூச்சு வரும் முன்பே கொடியை அடைத்துவிட்டால், இதயத்தின் இடப்பக்கத்துக்கு நஞ்சிலிருந்து வந்த வரத்தும் நின்றுவிடும், நுரையீரலிலிருந்து வர வேண்டியதும் இன்னும் வந்திருக்காது. ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-ல் இதைத் தெளிவாகக் காட்டியது. மூச்சுக்கு முன் கொடியை அடைத்த குட்டிகளின் இதயத்துடிப்பு சரிந்தது. மூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு அடைத்தபோது அப்படிச் சரியவில்லை.

இதனால்தான் குழந்தையைத் தாயின் வயிற்றின் மேல் போட்டால் ரத்தம் திரும்ப நஞ்சுக்கே போய்விடும் என்ற பழைய பயமும் அடிபட்டது. அர்ஜென்டினாவில் சுகப்பிரசவங்களில் இதைச் சோதித்தார்கள். இரண்டு நிமிடம் தாயின் வயிற்றில் வைத்த குழந்தைகளுக்கும், கீழே பிடித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கும் ஏறிய எடையில் வித்தியாசம் இல்லை. 2014-ல் முடிவு வந்தது. எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. குழந்தையை வழுக்க வழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நிற்பது லேசான காரியம் இல்லை.

அப்படியென்றால் உடனே வெட்டும் பழக்கம் எப்படி வந்தது? பழைய மருத்துவச்சிகள் பலர் நஞ்சு விழுந்த பிறகுதான் கொடியை அறுப்பார்கள், உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்லக்கூடும். 1801-லேயே இங்கிலாந்தில் எராஸ்மஸ் டார்வின் என்ற மருத்துவர், சார்லஸ் டார்வினின் தாத்தா, கொடியைச் சீக்கிரம் கட்டி அறுப்பது குழந்தைக்குக் கேடு என்று எழுதியிருக்கிறார். பிறகு பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. 1960-களில் பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கில் தாய் இறப்பதைத் தடுக்க ஒரு முறை உருவானது. குழந்தை வந்ததும் கருப்பை சுருங்க ஊசி, உடனே கொடியை வெட்டுதல், கொடியை மெல்ல இழுத்து நஞ்சை எடுத்தல். மூன்றையும் ஒரே கட்டாக வைத்தார்கள். உயிரைக் காத்தது ஊசி. கொடியை உடனே வெட்டுவது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, தாய்க்கு அதனால் பயன் உண்டா என்று தனியாகச் சோதிக்கவே இல்லை. பிறகு சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. நான் படித்த காலத்தில்கூட சட்டென்று வெட்டிக் குழந்தையை நீட்டுபவருக்குத்தான் கைராசி என்று பெயர்.

(பாட்டி காலத்தில் எல்லாமே சரி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே காலத்தில் அழுக்குக் கத்தியால் அறுத்து, டெட்டனஸ் வந்து செத்த குழந்தைகள் கணக்கில்லை. அந்த நோயை இந்தியா ஒழித்ததாக அறிவிக்கப்பட்டதே 2015-ல்தான்.)

சரி, ஆதாரம் என்ன? ஸ்வீடனில் நிறைமாதக் குழந்தைகள் 400 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குப் பத்து நொடிக்குள்ளும் மீதிப்பேருக்கு மூன்று நிமிடம் கழித்தும் கொடியை அடைத்தார்கள். நான்காம் மாதத்தில் இரும்புக் குறைபாடு உடனே வெட்டியவர்களில் 5.7 சதவீதம், காத்திருந்தவர்களில் 0.6 சதவீதம். அந்தக் குழந்தைகளில் 263 பேரை நான்கு வயதில் மறுபடி சோதித்தார்கள். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. பென்சில் பிடிப்பது போன்ற விரல் வேலைகளில், அதுவும் ஆண் குழந்தைகளிடம், காத்திருந்தவர்கள் சற்று மேல். காத்திருந்தால் குழந்தை மேதாவி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவ்வளவு தூரம் போக ஆதாரம் இல்லை.

நமக்கு நெருக்கமான ஆய்வு காத்மாண்டுவில் நடந்தது. அங்கே ரத்தசோகை நம் ஊர்போலவே சாதாரணம். ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 540 குழந்தைகள். எட்டாம் மாதத்தில் ரத்தசோகை, ஒரு நிமிடத்துக்குள் அடைத்தவர்களில் 82 சதவீதம், மூன்று நிமிடம் காத்திருந்தவர்களில் 73 சதவீதம். இரும்புக் குறைபாடு 38-லிருந்து 22 சதவீதமாக இறங்கியது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். மருந்து இல்லாமல், செலவில்லாமல், இரண்டு நிமிடப் பொறுமைக்கு இவ்வளவு பலன் என்பது ஒன்று. காத்திருந்தும்கூட நான்கில் மூன்று குழந்தைக்கு ரத்தசோகை என்பது இன்னொன்று. கொடி மட்டும் இதைத் தீர்த்துவிடாது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளிலேயே கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இருக்கும்போது குழந்தை குறைந்த கையிருப்போடுதான் வருகிறது. மத்திய அரசு 2018-ல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், மாத்திரை, சத்துணவோடு கொடியைத் தாமதித்து வெட்டுவதையும் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

இனி அக்காவின் பயம். பாதி சரி. கூடுதலாக வந்த சிவப்பணுக்கள் முதல் சில வாரங்களில் உடையும். உடைந்ததில் வரும் இரும்பை உடம்பு சேமித்துக்கொள்கிறது. அதே உடைவில் வரும் இன்னொரு பொருள் பிலிருபின், அதுதான் மஞ்சள். நன்மையும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நிறைமாதக் குழந்தைகள் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பில், நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டிய அளவுக்குக் காமாலை வந்தது சீக்கிரம் அடைத்தவர்களில் 2.7 சதவீதம், தாமதித்தவர்களில் 4.4 சதவீதம். அதாவது நூறு குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ கூடுதல். விளக்குச் சிகிச்சை ஓரிரு நாள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

நான் இதை லேசாகத் தள்ளிவிடவில்லை. காமாலையைக் கண்டுபிடிக்கவும் சிகிச்சை தரவும் வசதி உள்ள இடத்தில்தான் அது சின்ன விஷயம். பிறந்த மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டு, "காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்று இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள் குழந்தையை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றே போக வேண்டும். கொடியை எப்போது வெட்டியிருந்தாலும் இதேதான்.

ரத்தம் கெட்டியாவது என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 65 சதவீதத்தைத் தாண்டுவது. தாமதித்தவர்களில் அணுக்கள் கூடுவது உண்மை. ஆனால் அதனால் குழந்தைக்கு உடல்நலக் கேடு கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தாய்க்குக் கட்டுப்படாத சர்க்கரை இருந்தாலோ, குழந்தை வயிற்றில் சரியாக வளராமல் இருந்தாலோ இந்தச் சிக்கல் இயல்பாகவே அதிகம். உங்களுக்கு இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் காத்திருக்கத்தான் சொல்வார்கள், பிறகு குழந்தையைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

தாய்க்கு ரத்தப்போக்கு கூடுமா என்று அடுத்துக் கேட்பார்கள். அதே தொகுப்பில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கருப்பை சுருங்கப் போடும் ஊசியை வழக்கம்போல ஒரு நிமிடத்துக்குள் போடலாம், கொடிக்காக அதைத் தள்ளிப்போடவே கூடாது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சிசேரியனிலும் காத்திருக்கலாம். கருப்பையில் வெட்டிய இடத்திலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கும் என்பதால் பொதுவாக 30 முதல் 60 நொடிதான். அமெரிக்காவில் நிறைமாத சிசேரியன் செய்துகொண்ட 113 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார்கள். தாயின் ஹீமோகுளோபின் கூடுதலாக இறங்கவில்லை.

குறைமாதக் குழந்தைகளிடம் கதையே வேறு. அங்கே பேச்சு இரும்பைப் பற்றி அல்ல, உயிரைப் பற்றி. 37 வாரத்துக்கு முன் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2023-ல் வெளிவந்த ஆய்வில், வீடு திரும்பும் முன் இறந்தவர்கள் உடனே அடைத்தவர்களில் நூற்றுக்கு 8, தாமதித்தவர்களில் 6. நூற்றுக்கு இரண்டு உயிர் என்பது எங்கள் துறையில் மிகப் பெரிய எண். இதற்குச் சமமாகச் சொல்லக்கூடிய புது மருந்து எதுவும் சட்டென்று என் நினைவுக்கு வரவில்லை. அங்கேயும் ஒரு கவனம் வேண்டும், குளிர். சின்னக் குழந்தை ஈரத்தோடு ஒரு நிமிடம் இருந்தால் உடம்பு சில்லிட்டுவிடும். துடைப்பது, பிளாஸ்டிக் உறையில் வைப்பது, தொப்பி போடுவது எல்லாம் கொடி இருக்கும்போதே நடக்க வேண்டும்.

"காத்திருக்க நேரமில்லையென்றால் கொடியை உருவிவிட்டால் போதாதா?" என்று ஒரு காலத்தில் நாங்களே கேட்டோம். கொடியை விரல்களால் அழுத்தி நஞ்சிலிருந்து குழந்தைப் பக்கம் ரத்தத்தைத் தள்ளுவது. சில நொடியில் முடிந்துவிடும், பார்க்கவும் புத்திசாலித்தனமாகத் தெரியும். 2019-ல் வந்த பன்னாட்டு ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. 23 முதல் 27 வாரத்தில் பிறந்தவர்களில், கொடியை உருவிய குழந்தைகளில் 22 சதவீதத்துக்கு மூளைக்குள் கடுமையான ரத்தக்கசிவு, காத்திருந்தவர்களில் 6 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ரத்தம் கிடைத்தால் மட்டும் போதாது, அது குழந்தையின் மூச்சோடு சேர்ந்து அதன் வேகத்தில் வர வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. 28 வாரத்துக்குக் கீழ் உருவவே கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது? நஞ்சு முன்பே பிரிந்துவிட்டாலோ, கொடி அறுந்துவிட்டாலோ, நஞ்சு கீழே இருந்து ரத்தம் கொட்டினாலோ உடனே அடைக்க வேண்டும். குழந்தைக்கு ரத்தம் வரும் வழியே உடைந்த பிறகு காத்திருந்தால் இருக்கும் ரத்தமும் போவதுதான் மிச்சம். தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாகி நிலை மோசமானால் தாய்தான் முதலில். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையர் என்றால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போகும் ஆபத்து இருப்பதால் பொதுவாகக் காத்திருப்பதில்லை. தாய்க்கு எச்ஐவி இருப்பது தடை இல்லை, உலக சுகாதார நிறுவனம் அப்போதும் காத்திருக்கவே சொல்கிறது.

அழாத குழந்தையிடம்தான் உண்மையான சங்கடம். கொடியோடு இருக்கும்போதே துடைத்து, முதுகைத் தடவித் தூண்டலாம், பல குழந்தைகள் அதிலேயே அழுதுவிடும். அழவில்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்கியாக வேண்டும். கொடியை வெட்டாமல் தாயின் பக்கத்திலேயே மூச்சு கொடுக்கும் வசதி சில இடங்களில் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மேசை தள்ளித்தான் இருக்கும், வெட்டிக் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் "மூன்று நிமிடம் சொன்னீர்களே" என்று யாரும் வாதம் செய்யக் கூடாது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தாலும் முன்பெல்லாம் உடனே வெட்டுவோம். இப்போது தளர்வாக இருந்தால் தலைக்கு மேல் கழற்றிவிடுகிறோம். கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்களே, மாமனுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைக்குத்தான் அந்த ரத்தம் போய்ச் சேர வேண்டும்.

கம்பெனி போனுக்கு வருவோம். பை நிறைய ரத்தம் வேண்டுமென்றால் சீக்கிரம் அடைக்க வேண்டும், காத்திருந்தால் சேகரிக்கக் கிடைப்பது குறையும். இதை உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையின் சொந்த உபயோகத்துக்கென்று கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது. எதிர்காலத்தில் வரலாம் வராமலும் போகலாம் என்ற நோய்க்காக, குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போது நிச்சயம் தேவைப்படும் இரும்பைப் பையில் போட்டு, அதற்கு ஆயிரக்கணக்கில் பணமும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படும் நோய் இருந்தால் மட்டும் விஷயம் வேறு, அதை ரத்தநோய் நிபுணரோடு பேச வேண்டும்.

நஞ்சு தானாகக் காய்ந்து விழும்வரை குழந்தையோடு விட்டுவைக்கும் ஒரு பழக்கமும் இப்போது பரவுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்த ஓட்டம் நின்ற பிறகு நஞ்சு வெறும் செத்த சதை, கிருமி வளரும் இடம்.

36-ஆம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "குழந்தை நன்றாக அழுதால் ஒரு நிமிடத்துக்கு மேல் கொடியை விட முடியுமா மேடம்? சிசேரியன் ஆனால் எவ்வளவு நேரம்?" அதைச் சீட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு இதைப் பேச உங்களுக்கும் தெம்பு இருக்காது, பணியில் இருப்பவர் வேறு ஆளாகவும் இருக்கலாம். உங்களுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் குழந்தையின் வகை பார்க்கச் சில மில்லி போதும், அடைத்த பிறகு நஞ்சுப் பக்கக் கொடியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஏதோ காரணத்தால் உடனே வெட்ட வேண்டி வந்தால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சி, பருப்பு, கீரையோடு முட்டை, ஈரல் என்று தொடங்குங்கள். அரசுத் திட்டத்தில் வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள், அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்திருந்தால் அதற்கு முன்பே சொட்டு மருந்தாகத் தொடங்குவோம். சிரப் கொடுக்கும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை.